என் ரிட்டர்னில் ஒரு மகன்

எனக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சிதம்பரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற பெண் கேட்பாள். பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெற்றோர் தங்கள் பிள்ளையின் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்பார்கள். "உங்களுக்கு எத்தினி பசங்க டீச்சர்?" பள்ளிக்கூடம் முழுக்க என் பசங்கதான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்கு மேலும் நோண்டினால் எனக்குக் கோபம் வரும். மங்கலம் டீச்சருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பு பி பிரிவைக் கேட்டால் சொல்லும்.

அப்படிப்பட்ட எனக்கு, போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருபது வயதில் ஒரு மகன் இருப்பது தெரியவந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வருமான வரிக் கணக்கை யாரும் தானாகத் தாக்கல் செய்ததில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பொன்னுரங்கம் என்று ஒருவர் வருவார். டாக்ஸ் சார் என்றுதான் அவரைச் சொல்வோம். ஸ்டாஃப் ரூம் மேசையில் ஒரு மஞ்சப்பையை வைப்பார். நாங்கள் எல்லோரும் சம்பளச் சான்று, பான் நகல், ஆதார் நகல் என்று இருப்பதையெல்லாம் அந்த ஒரே பையில் போடுவோம். போனுக்கு ஓடிபி வந்தால் அவர் கேட்பதற்கு முன்பே கூவிச் சொல்வோம். கொஞ்ச நாளில், பிடித்த வரியில் ஒரு பகுதி பேங்குக்குத் திரும்பி வரும். அந்த வாரம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் ஸ்வீட்டு, காரம், காபி. என் வீட்டு வாஷிங் மெஷின் அப்படி வந்த காசில் வாங்கியதுதான்.

ஞானாம்பாள் டீச்சருக்கு மட்டும் எந்த வருஷமும் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அறிவியல் பாடம் எடுக்கிறவள். கடலூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். "நம்ம ராசி அப்படி டீச்சர்" என்று சிரிப்பாள். பாவம் என்று அவள் கையில் இன்னொரு மைசூர்பாகை வைப்போம்.

இந்த வருஷம், வரிக் கழிவுகள் சரியாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்டேன். "டீச்சர், நீங்க பாடம் நடத்துங்க. டாக்ஸ நான் பாத்துக்குறேன்" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னை அடக்கப் பார்த்தால் விடுவேனா? போய்யா, நானே செய்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு டாக்ஸ் சாப்ட்வேரில்தான் கணக்கு வைத்திருந்தார். எங்கள் போன் நம்பரில்தான். லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினேன். ஓடிபி வந்தது. உள்ளே போய்விட்டேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் ஒரு ஆள் என்று எனக்கே சிரிப்பு. என் பேர், என் சம்பளம், பேங்க் கணக்கு எல்லாம் தானாக வந்து நின்றன. அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

சார்ந்திருப்பவர்: மகன் – 1. கடுமையான மாற்றுத்திறன். கடந்த ஆண்டைப் போலவே தொடரலாமா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி: இந்த அடையாள அட்டை எண் வேறு கணக்குகளிலும் உள்ளது. உதவி மையத்தை அழைக்கவும்.

அழைத்தேன். சுவேதா என்று ஒரு பெண் எடுத்தாள். குரல் குழந்தை மாதிரி இருந்தது.

"ஏம்மா, யாரோட கணக்கையோ எங்கணக்குல சேத்து வச்சிருக்கீங்க. எனக்கு ஒரு மகன்னு காட்டுது. எடுத்து வுடு."

"செக் பண்றேன் மேடம்." விசைகள் தட்டும் சத்தம். "உங்க கணக்குதான் மேடம். மங்கலம் கார்த்திகேசன். சார்ந்திருப்பவர், மகன், ஒருத்தர்."

"எனக்குப் பையனே கெடையாதும்மா."

"மூணு வருஷமா இருக்காரு மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவள் நான். அப்புறம் புதுச்சேரியில் டாக்டர், சென்னையில் டாக்டர். கடைசியில் போதும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது முகம் தெரியாத ஒரு பெண் போனில் சொல்கிறாள், மூன்று வருஷமாக இருக்கிறார் என்று.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? அவரோட மாற்றுத்திறனாளி அட்டை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு. 'இணைப்பு'ன்னு இருக்கும் பாருங்க, அத அழுத்துங்க."

அழுத்தினேன். அட்டை விரிந்தது. போட்டோவில் ஒரு பையன். ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, கோணிய சிரிப்பு, எண்ணெய் வைத்து வகிடெடுத்த முடி.

"அய்யோ!" என்று கத்திவிட்டேன்.

கொல்லையில் கானாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கார்த்திகேசன் கத்தியோடு ஓடிவந்தார். சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் அவர் பொறுப்பு. "இன்னா, இன்னா ஆச்சு?"

"மாமா, இத பாருங்க. இது நம்ம ஞானாம்பா பையன். பாலகுமாரு."

ஆமாம், பாலகுமார்தான். பிறந்தபோதே மூளைக்குக் காற்றுப் போகாமல், கை காலெல்லாம் இழுத்துக்கொண்டு, நடக்க முடியாமல் வளர்ந்தவன். பேச்சு மெதுவாக வரும். மூளையோ கத்தி. அஞ்சல் வழியில் பி.காம் படிக்கிறான். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அப்பா, அவனுக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டார். மேலே இல்லை, பெங்களூருக்கு. பொங்கலுக்குப் பொங்கல் நான் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பேன். அதில் பட்டன் வைக்காதீங்க அத்தை, போடக் கஷ்டமா இருக்குது என்று ஒருமுறை என்னையே திருத்தினான். அந்தப் பிள்ளை என் ரிட்டர்னில் என் மகனாக உட்கார்ந்திருந்தான்.

என் வீட்டுக்காரர் மீன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரம் ஆனது.

"நம்ம பையன்னு போட்டுருக்குதா?" என்றார்.

"ஆமா."

"நம்ம அட்ரஸ்ல?"

"ஆமா மாமா!"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவேதாவை உலுக்கினேன். வேறு கணக்குகளிலும் என்று போட்டிருக்கிறதே, அது யார் யார்?

"பேரு சொல்லக் கூடாது மேடம். இந்த வருஷம்தான் இந்த செக்கிங் புதுசா வந்துருக்கு, அதான் இப்ப காட்டுது. ஆனா ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "பையன் நெறைய பேருக்குப் பையனா இருக்காரு."

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வரிச்சலுகை அது. அதைத்தான் பொன்னுரங்கம் எங்களுக்கெல்லாம் வாரி வழங்கியிருக்கிறார். நாங்கள் தின்ற மைசூர்பாகு அது. கொல்லையில் துணி சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினும் அதுதான்.

"நாதாரிப் பய!" என்றேன்.

"மேடம்?"

"ஒன்ன இல்லம்மா."

"மொதல்ல அத எடுத்து வுடு மங்கலம்" என்றார் வீட்டுக்காரர். "பாவம் அந்தப் புள்ள."

"இருங்க, மொதல்ல இத கேக்க வேண்டியவன கேக்குறேன்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன்.

பொன்னுரங்கம் போனை எடுக்கவில்லை. எங்கள் டிராயிங் மாஸ்டர் செந்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். நல்ல பையன், வயசு முப்பது, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. உன் கணக்கைத் திறந்து பார் என்று சொல்லிவிட்டு லைனிலேயே காத்திருந்தேன். திறந்தான்.

"இன்னாடா இருக்குது?"

"டீச்சர்..." என்றான். "எனக்கு இருவது வயசுல ஒரு பையன் இருக்கான் டீச்சர்."

"அப்ப பத்து வயசுல பெத்துருக்க."

"வெளாடாதீங்க டீச்சர்! பொண்ணு வூட்டுல இது தெரிஞ்சா நான் செத்தேன்!"

மத்தியானத்துக்குள் அவரவர் வீட்டிலிருந்தே ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பார்த்துவிட்டோம். ஒவ்வொருவராக அலறினார்கள். எல்லோருக்கும் அதே பையன், அதே போட்டோ, அதே கோணல் சிரிப்பு. ஞானாம்பாளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஞானாம்பாள் லீவு. பாலகுமாருக்கு பிசியோதெரபி நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியை அமிர்தம் அம்மா எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர். முந்தின நாளிலிருந்து தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மேசையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. பொன்னுரங்கம் கடைசியில் அவரிடம் மட்டும் பேசியிருக்கிறார்.

"யாரும் பயப்பட வேணாம்" என்றது போன். "எல்லாரும் சேந்து ஒரு லெட்டர் குடுத்துடுங்க. இந்தக் கார்டு போலி, எங்களுக்குத் தெரியாம யாரோ குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு. அபராதம் கிபராதம் ஒண்ணும் ஜாஸ்தி வராது."

"யாரு குடுத்தான்னு போடறது?" என்று செந்தமிழ்செல்வன் கேட்டான்.

"அது எதுக்கு? கார்டு நம்பர் மட்டும் போட்டா போதும்."

லெட்டர் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. அமிர்தம் அம்மா அதை என் பக்கம் தள்ளினார். 'மேற்படி அட்டை போலியானது எனத் தெரியவருகிறது' என்று இருந்தது. நம்பர் தடித்த எழுத்தில் இருந்தது.

முந்தின நாள் வாங்கிய அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பொன்னுரங்கம் ஒரு திருட்டுப் பயல், அவன் எதுவும் சொல்வான். ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், பாலகுமார் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவர்கள், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அவன் கார்டு போலியா?" என்றேன். "அவன் காலு போலியா?"

"மங்கலம், சத்தம் போடாதீங்க."

"அடுத்த மாசம் அவனுக்கு பேட்டரி வீல்சேர் வருது. எத்தினி வருஷமா எழுதிப் போட்டு வாங்குறாங்க தெரியுமா? பரிச்சையில பக்கத்துல உக்காந்து எழுதறதுக்கு ஆளு குடுக்குறது அந்தக் கார்ட பாத்துதான். இது போலின்னு இத்தன வாத்தியாருங்க கையெழுத்துப் போட்ட பேப்பரு போனா அவனுக்கு எவன் குடுப்பான்?"

"எனக்கும் தெரியும்மா." அமிர்தம் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "என் பென்ஷன்ல கை வச்சுட்டாங்கன்னா? முப்பத்தஞ்சு வருஷம் வேல பாத்துருக்கேன். விசாரிச்சுப் பாத்துட்டு உண்மன்னு தெரிஞ்சா அவங்களே அவனுக்குத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"நடக்கவே முடியாதவன விசாரணைக்கு இழுப்பீங்களா? வெக்கமா இல்ல?"

கேட்டே விட்டேன். போனில் பொன்னுரங்கம் மட்டும், "டீச்சர் கொஞ்சம் எமோஷனல்" என்றார். போனை எடுத்து அணைத்தேன். சாயந்திரம் வரைக்கும் அந்த லெட்டரை அனுப்பக் கூடாது, அனுப்பினால் நான் தனியாக வேறு லெட்டர் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நாலரை மணி பஸ்ஸில் கடலூருக்கு ஏறினேன். லேப்டாப் கையில். படியில் கால் வைக்கும்போது செந்தமிழ்செல்வன் ஓடிவந்து தொற்றிக்கொண்டான். "நானும் வரேன் டீச்சர். எம் பையன நானும் பாக்கணுமே" என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானாம்பாள் வீடு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்வீடு. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். படியை இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். இன்னும் காயவில்லை. ஓரத்தில் ஈரச்சாக்கு போட்டிருந்தது.

"பாத்து, பாத்து, பலக மேல வாங்க டீச்சர்!" என்று ஞானாம்பாள் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வூட்டுக்காரம்மா ஒருவழியா ஒத்துக்கினாங்க. வீல்சேரு வந்தா நேரா இப்படியே தெருவுக்கு எறங்கிடுவான்."

எனக்கு அங்கேயே திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடவில்லை. உள்ளே போய், கட்டிலோரம் பழைய தள்ளு நாற்காலியில் இருந்த பாலகுமாருக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

ஞானாம்பாள் முதலில் நம்பவில்லை. லேப்டாப்பில் எடுத்து வைத்திருந்த அட்டைப் படத்தைக் காட்டினேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செந்தமிழ்செல்வனைப் பார்த்தாள். "எம் புள்ளய வச்சா?" என்றாள். "எல்லாருமா?" பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பாலகுமார்தான் பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் ஒருமுறை கோணி நேராகும். "அப்ப... எனக்கு... எத்தினி அம்மா அத்தை?"

"ஸ்டாஃப் ரூம் முழுக்கடா."

"செந்தமிழ் சாரு... அப்பாவா?" சிரித்தான். உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தான். "பாக்கெட் மணி... பாக்கி இருக்குது சார்."

செந்தமிழ்செல்வன் சிரிக்கப் போய் அழுதுவிட்டான்.

"ஒன் கணக்க தெற ஞானாம்பா" என்றேன். "ஒன்னோடதுல அவன் சரியா இருக்கானான்னு பாத்துடலாம். மீதிய அப்புறம் பேசலாம்."

அவளுக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. ஓடிபி போட்டு அவள் போனிலேயே திறந்தோம். அவள் பேர், அவள் சம்பளம், பேங்க் கணக்கு. அடுத்த பக்கம்.

சார்ந்திருப்பவர்கள்: எவருமில்லை.

முந்தின வருஷத்தைத் திறந்தோம், எவருமில்லை. அதற்கு முந்தின வருஷம், எவருமில்லை. ஊரில் உள்ள வாத்தியார்களுக்கெல்லாம் மகனாக இருந்தவன், பெற்றவளுக்கு மட்டும் மகனாக இல்லை.

"நான்தான அந்தக் கார்ட பொன்னுரங்கத்துகிட்ட குடுத்தேன்" என்றாள் ஞானாம்பாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "எதாவது சலுகை உண்டான்னு கேட்டுப் பையில போட்டேன். இது உங்களுக்கு வராது டீச்சர், நெஜ கேஸ்னா கூப்புட்டு விசாரிப்பாங்க, பையனத் தூக்கிக்கினு அலைவீங்கன்னாரு. சரின்னு வுட்டுட்டேன்."

பாலகுமார் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்று பொன்னுரங்கத்தை அவன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டினேன். ஞானாம்பாள் தடுக்கவில்லை.

திட்டி முடித்து உதவி மையத்தைக் கூப்பிட்டேன். நேற்றுப் பேசின சுவேதாதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் "அய்யய்யோ மேடம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் குரலில் குழந்தைத்தனம் இல்லை. அட்டை நிஜம் என்றால் அம்மா கணக்கில் இப்போதே சேர்க்கலாம், ஆனால் மற்ற கணக்குகளிலிருந்து அவன் விடுபட்டால்தான் சாப்ட்வேர் ஏற்றுக்கொள்ளும் என்றாள். அவரவர் உள்ளே போய் 'இவர் என்னைச் சார்ந்தவர் அல்ல' என்று குறித்து நீக்க வேண்டும். பழைய வருஷங்களையும் திருத்தி, வாங்கியதை வட்டியோடு கட்ட வேண்டும். அப்படிச் செய்தால் அட்டை மேல் ஒரு கேள்வியும் வராது. போலி என்று லெட்டர் போனால் வரும்.

"அப்ப எல்லாரும் எடுக்கணும்" என்றேன். "ஹெச்.எம். எடுத்தாத்தான் மத்தவங்க எடுப்பாங்க. அந்தம்மா கேக்காது."

"போன... குடுங்க" என்றான் பாலகுமார்.

செந்தமிழ்செல்வன் தன் போனில் நம்பரைப் போட்டு அவன் காதருகே பிடித்தான். அமிர்தம் அம்மா எடுத்து, சொல்லு செந்தமிழ், லெட்டர அனுப்பிடவா என்று கேட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது.

"வணக்கம்... மேடம்" என்றான். "உங்க... மகன்... பேசறேன்."

பாலகுமார் அவசரப்படவில்லை. அவனுக்கு அவசரப்படவும் வராது.

"நான்... போலி இல்ல... மேடம்."

அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம். "செந்தமிழ்கிட்ட குடுப்பா" என்றார் அமிர்தம் அம்மா. "எந்த பட்டன அழுத்தணும்னு கேக்குறேன்."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. செந்தமிழ்செல்வன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தான். முரண்டு பிடித்தவர்களை நான் வாங்கிப் பேசினேன். நான் பேசிய பிறகு யாரும் முரண்டு பிடிக்கவில்லை. ஞானாம்பாள் எல்லோருக்கும் டீ போட்டாள். கடைசியில் சுவேதாவைக் கேட்டேன், முடிந்ததா என்று.

"இல்ல மேடம். இன்னும் ஒரு கணக்குல இருக்காரு."

"எந்த மூதேவி அது?" என்று கத்தினேன். "யாருடா இன்னும் எடுக்காம உக்காந்துருக்குறது? பேரச் சொல்லு, இங்கருந்தே கிழிக்கிறேன்!"

செந்தமிழ்செல்வன் பேர்களை விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டான்.

"டீச்சர்... நீங்க எடுத்துட்டீங்களா?"

இல்லை. நான் எடுக்கவில்லை. நேற்றுக் காலையில் வீட்டுக்காரர் சொன்னார், நான் லேப்டாப்பை மூடினேன். அப்புறம் ஊரையெல்லாம் ஏசினேன், பஸ் ஏறினேன், இங்கே வந்து நியாயம் பேசினேன். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், திறந்து அட்டையைக்கூடக் காட்டியிருக்கிறேன், அவனை மட்டும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை.

ஞானாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். சார்ந்திருப்பவர்: மகன் – 1. நீக்கு என்பதை அழுத்தினேன். உறுதியாக நீக்க வேண்டுமா என்று கேட்டது. என் விரல் அங்கேயே நின்றது. எழுதுகிறபோதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நின்றது.

பாலகுமார் நாற்காலியை ஒரு காலால் உந்தி என் பக்கம் நகர்ந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"அத்தைன்னு... போட... எடம் இருக்கா பாருங்க" என்றான்.

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "அத்தைக்கு ஆப்ஷன் இல்ல சார்" என்றாள் சுவேதா. அவள் குரலும் சரியாக இல்லை.

ஆம் என்பதை அழுத்தினேன். பக்கம் ஒருமுறை சுழன்று நின்றது. சார்ந்திருப்பவர்கள்: எவருமில்லை.

சுவேதா அந்தப் பக்கம் அவனை அம்மா கணக்கில் சேர்க்க, ஞானாம்பாள் தன் போனில் வந்ததை வாய்விட்டுப் படித்தாள். "மகன். பாலகுமார்." மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் படிப்பதைக் கேட்டான். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே சிமெண்ட் மேல் யாரோ கால் வைக்கப் போக, செந்தமிழ்செல்வன் பலகையில போங்க, பலகையில போங்க என்று கத்தினான்.

"மங்கலம் மேடம்" என்றாள் சுவேதா. "செக் பண்ணிட்டேன். உங்க ரிட்டர்ன் இப்ப சரியா இருக்கு."

"ஆமாம்மா" என்றேன். "சரியாத்தான் இருக்கு."